பாலத்தில் நின்ற கார்

காய்ச்சல் என்று வந்தவனுக்கு, அவன் நாடியைப் பாராமலும் நாக்கைப் பாராமலும் மருந்து கொடுக்கும் மருத்துவனை யாரும் நம்புவதில்லை. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று முதலில் தெளிதல் வேண்டும். அதன் பின்னரே மருந்து. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தும் முறையும் இதுவே. மனித உடலுக்கு மட்டுமன்றி, மனிதன் செய்த இயந்திரங்களுக்கும் இம்முறை பொருந்தும். பழைய மோட்டார்க் கார் ஒன்றின் நோய் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மயிலாப்பூரில் எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் இருக்கின்றார். அவரிடம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் பழைய கார் ஒன்று உண்டு. இவ்வகைக் கார் 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்தது. 1961ஆம் ஆண்டு முதல் நம் சென்னைக்குத் தெற்கே, வண்டலூரை அடுத்த தொழிற்சாலையிலும் இது செய்யப்பட்டது. 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இதற்கு உண்டு. காரின் முன்புறம் முழுவதும் ஒரே மூடியாக முன்னே சாய்ந்து திறக்குமாதலால், எஞ்சினின் உறுப்புகள் யாவும் கண்ணெதிரே தோன்றும். இயந்திரம் கற்க விரும்புவோர்க்கு இதனினும் எளிய வண்டி கிடைத்தல் அரிது.

அக்கார் பல ஆண்டுகள் கொட்டகையில் ஓடாமல் நின்றிருந்தது. முதியவர் அதனை மீண்டும் சாலைக்குக் கொணர்ந்தார். மாட வீதிகளில் அது நன்றாக ஓடிற்று. மந்தைவெளி வழியாக அடையாறு வரையிலும் தடையின்றிச் சென்றது. ஆனால் ஒரு நாள் அண்ணா சாலையில் உள்ள மேம்பாலத்தில் ஏறும்பொழுது இரண்டு மூன்று முறை குலுங்கிற்று. ‘புஸ்’ என்று இருமிற்று. வலிமை குன்றி, பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்து மயிரிழையில் மோதாது தப்பிற்று. ஐந்து நிமிடம் சென்றபின் எஞ்சினை முடுக்கியபொழுது, ஒன்றும் நடவாதது போல் அது மீண்டும் ஓடத் தொடங்கிற்று.

இவ்வாறு பலமுறை நேர்ந்தது. முதற்பட்டறையில் பிளக்குகளை மாற்றினர். இரண்டாம் பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினர். மூன்றாம் பட்டறையில் மின்பொறி உண்டாக்கும் காயிலை மாற்றினர். ஒவ்வொரு முறையும் பட்டறைத் தெருவில் ஓட்டிப் பார்த்து, “வண்டி சரியாகிவிட்டது, ஐயா” என்றனர். ஆயினும் மேம்பாலத்தில் ஏறியவுடன் அது மீண்டும் நின்றது. வீட்டார் அஞ்சினர். “இனி இதில் ஏறமாட்டோம், மாதக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடலாம்” என்று முடிவு செய்தனர். முதியவர் ஒன்றும் கூறவில்லை. தம் மணமகளை வீட்டிற்கு அழைத்து வந்தது அந்தக் காரில்தான் என்பதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் சொல்லாததை அவருடைய பேத்தி அறிந்திருந்தாள். அவள் பத்தாம் வகுப்பு மாணவி. “தாத்தா, வண்டி எங்கெங்கே நிற்கின்றது என்று எழுதிப் பார்த்தால் என்ன?” என்று கேட்டாள். ஒரு குறிப்பேட்டில் இடம், நேரம், வெயில், சாலையின் தன்மை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வரைந்தாள். இந்தக் குறிப்பேடே அக்காரைக் காப்பாற்றிற்று. எவ்வாறு எனின், முதலில் கார்புரேட்டர் என்பது யாது என நாம் அறிதல் வேண்டும்.

பெட்ரோல் தனியே எரிந்து எஞ்சினை ஓட்டுவதில்லை. அது நுண்துளிகளாகிக் காற்றோடு கலந்து, அக்கலவை சிலிண்டருக்குள் எரிந்தால்தான் ஆற்றல் பிறக்கும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவால் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும்! இவ்விரண்டையும் அளவறிந்து கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் தொழில். பெட்ரோலைத் துளையின் வழியே தெளித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை ஜெர்மானியப் பொறியறிஞர் வில்ஹெல்ம் மேபாக் 1893ஆம் ஆண்டில் அமைத்தார்.

அது வேலை செய்யும் விதம் மிக எளியது. எஞ்சின் உறிஞ்சும் காற்று கார்புரேட்டரில் உள்ள குறுகிய கழுத்துப் பகுதியின் வழியே விரைந்து செல்கின்றது. காற்றின் வேகம் மிகும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இவ்வுண்மையை நீங்கள் இயற்பியலில் பெர்னூலியின் கோட்பாடு எனப் படித்திருப்பீர்கள். அழுத்தம் குறைந்த அக்கழுத்தில் ‘ஜெட்’ எனப்படும் நுண்துளையின் வழியாகப் பெட்ரோல் மேலெழுந்து, காற்றோடு கலந்து சிலிண்டருக்குச் செல்கின்றது.

ஜெட்டுக்குப் பெட்ரோல் எங்கிருந்து வருகின்றது? கார்புரேட்டரின் பக்கத்தில் ‘மிதவை அறை’ என்னும் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலெழுந்து குழாயை அடைக்கும். தண்ணீர் குறைந்ததும் பந்து தாழ்ந்து குழாயைத் திறக்கும். மிதவை அறையும் அவ்வாறே. பெட்ரோல் நிறைந்தவுடன் மிதவை எழுந்து ஊசி வால்வை மூடுகின்றது. குறைந்தவுடன் தாழ்ந்து திறக்கின்றது. ஆனால் இவ்வறையோ நாம் காபி அருந்தும் தம்ளரினும் சிறியது. பெரிய டேங்கு காரின் பின்புறத்தில் உள்ளது. அங்கிருந்து பெட்ரோல் நீண்ட குழாய் வழியாக முன்னே வரவேண்டும். அதனை இழுத்துத் தருவது எஞ்சினின் பக்கத்திலே பொருத்தப்பட்ட பம்பு. அதற்குள் உள்ள ரப்பர்ச் சவ்வு, எஞ்சின் சுழலுந்தோறும் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகின்றது.

டேங்கு, குழாய், பம்பு, மிதவை அறை, ஜெட் என்னும் இவ்வைந்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். இவற்றுள் எந்தக் கண்ணியில் தடை நேர்ந்தாலும் எஞ்சின் பட்டினி கிடக்கும்; பட்டினி கிடப்பவன் பளு தூக்க இயலாது அன்றோ?

இப்பொழுது மாணவியின் குறிப்பேட்டைப் பார்ப்போம். தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் ஊர்ந்து சென்றபொழுது கார் நிற்கவில்லை. காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த காற்றில் மேம்பாலம் ஏறியபொழுது நின்றது. பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மெதுவாகச் சென்றபொழுது நிற்கவில்லை. அதே சாலையில் விரைந்து சென்றபொழுது குலுங்கிற்று. நின்ற ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்திற்குப் பின் மீண்டும் ஓடிற்று.

இக்குறிப்புகள் பல செய்திகளைக் கூறுகின்றன. கோடை காலத்தில் பழைய கார்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. எஞ்சினின் சூட்டால் குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிக் குமிழியாக நின்றுவிடும். பம்பினால் ஆவியை இழுத்துத் தள்ள இயலாது. அத்தகைய நேரத்தில் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றி ஆறவிடுவது வழக்கம். ஆனால் அத்தொல்லை வெயிலிலும் நெரிசலிலும் தோன்ற வேண்டும். குளிர்ந்த காலையில் தோன்றலாகாது. இங்கு நடந்ததோ அதற்கு நேர்மாறானது. ஆகவே ஆவித்தடை அன்று என்பது தெளிவு.

மின்பொறியில் குற்றம் இருக்கலாகாதோ? மின்பொறி அறுந்தால் எஞ்சின் பெரும்பாலும் விளக்கை அணைத்தாற்போல் திடீரென நின்றுவிடும். பெட்ரோல் குறைந்தாலோ, குலுங்கி, இருமி, மெல்ல மெல்ல வலிமை இழந்து நிற்கும். இதனை உறுதி செய்ய ஓர் எளிய வழி உண்டு. ‘சோக்கு’ என்னும் பொறியைச் சிறிது இழுத்தால் கலவையில் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். கார் குலுங்கும்பொழுது முதியவர் சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தார். சில நொடிகள் எஞ்சின் வலிமை பெற்று ஓடிப் பின் நின்றது. எஞ்சின் கேட்பது பெட்ரோலே என்பது இதனால் விளங்கிற்று.

சமதரையில் ஓடும் கார் மேட்டில் ஏன் நிற்கின்றது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகின்றது எனக் கொள்வோம். அது மணிக்கு 5 லிட்டர், அஃதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய 83 மில்லிலிட்டர் பெட்ரோலைக் குடிக்கும். மெதுவாகச் சென்றால் இதனினும் குறைவாகவே வேண்டும். மேட்டில் முழு வலிமையோடு ஏறும்பொழுது இதனைப் போல் இருமடங்குக்கு மேலும் வேண்டும். 180 மில்லிலிட்டர் எனக் கொள்க. குழாயில் அடைப்பு உண்டாகி நிமிடத்திற்கு 60 மில்லிலிட்டரே வருமாயின், மெல்லச் செல்லும் காருக்கு அது போதும். மேட்டில் ஏறும் காருக்கோ நிமிடத்திற்கு 120 மில்லிலிட்டர் குறையும். மிதவை அறையில் 50 மில்லிலிட்டர் இருந்தாலும், அரை நிமிடத்திற்குள் அது வற்றிவிடும். பட்டறைத் தெருவில் குற்றம் வெளிப்படாமல் மேம்பாலத்தில் மட்டும் வெளிப்பட்டதன் காரணம் இதுவே. நோய் தோன்றும் இடத்தில் பாராமல், தோன்றாத இடத்தில் பார்த்து ‘நோய் இல்லை’ என்று கூறினர்.

மாணவியின் குறிப்பேட்டோடு முதியவர் அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்தார். அவர் எந்த உறுப்பையும் உடனே கழற்றவில்லை. குறிப்பேட்டை இருமுறை படித்தார். “அம்மா, பாதி வேலையை நீ முடித்துவிட்டாய். மீதிப் பாதியைப் பார்ப்போம்” என்றார்.

காரை வெட்டவெளியில் நிறுத்தினர். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தனர். பேட்டரியின் இணைப்பைக் கழற்றினர். தீயணைக்கும் கருவியை அருகில் வைத்தனர். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றினும் கனமானதாதலால் தரையில் தவழ்ந்து சென்று, தொலைவில் உள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆதலின் இவ்வேலையைத் தக்கவர் துணையின்றி மாணவர்கள் ஒருபொழுதும் செய்தலாகாது.

முதலில் டேங்கின் மூடியைத் திறந்தனர். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புகுதல் வேண்டும். மூடியில் உள்ள காற்றுத்துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் தோன்றிப் பெட்ரோல் வர மறுக்கும். பால் டின்னில் ஒரு துளை மட்டும் இட்டால் பால் சரியாக வாராமையை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் இங்கே காற்றுத்துளை நன்றாகவே இருந்தது.

அடுத்து, கார்புரேட்டரோடு சேரும் இடத்தில் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்தனர். ஹெரால்டின் பம்பில் கையால் அசைக்கும் நெம்புகோல் ஒன்று உண்டு. மெக்கானிக் அதனை அசைத்தார், மாணவி எண்ணினாள். முதல் இருபது அசைவுகளில் பெட்ரோல் பீறிட்டு வந்தது. பின்னர் ஒழுக்கு மெலிந்தது. நாற்பதாவது அசைவில் நூல் போல் ஆயிற்று. கார்புரேட்டர் கழற்றப்பட்டிருக்கும்பொழுதே தடை தோன்றியதால், கார்புரேட்டர் குற்றமற்றது என்பது உறுதியாயிற்று. சங்கிலியின் ஒரு பகுதி இவ்வாறு நீங்கிற்று.

அடுத்த ஐயம் பம்பின்மேல் எழுந்தது. பம்பின் சவ்வு கிழிந்திருக்குமோ? பம்பிற்குள் வரும் குழாயைக் கழற்றிவிட்டு, தூய பெட்ரோல் உள்ள சிறு பாத்திரம் ஒன்றிலிருந்து நேரே உறிஞ்சச் செய்தனர். நூறு முறை அசைத்தும் ஒழுக்கு சிறிதும் குறையவில்லை. ஆகவே பம்பும் குற்றமற்றது. புட்டியில் காற்றுக் குமிழிகள் தோன்றாமையால், குழாயில் காற்றுப் புகும் விரிசலும் இல்லை என்று தெரிந்தது. எஞ்சியவை டேங்கும் குழாயும் மட்டுமே.

குழாயின் வழியே டேங்கை நோக்கிக் காற்றடித்தார் மெக்கானிக். டேங்கினுள் ‘களகள’ என்னும் ஓசை எழுந்தது. அதன் பின் பெட்ரோல் நன்றாக வந்தது. ஆனால் சிறிது நேரத்தில் மீண்டும் மெலிந்தது. மாணவி சிந்தித்தாள். “ஐயா, உறிஞ்சும்பொழுது ஏதோ ஒன்று வந்து குழாயின் வாயை அடைக்கின்றது. உறிஞ்சுவதை நிறுத்தினால் அது விலகி விழுந்துவிடுகின்றது. அதனால்தான் ஐந்து நிமிடம் கழித்துக் கார் ஓடுகின்றது” என்றாள். மெக்கானிக் புன்னகை செய்தார்.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபொழுது, மீன்செதில் போன்ற துருத் தகடுகள் கைப்பிடி அளவு விழுந்தன. பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற டேங்கு பாதி வெறுமையாக இருந்தது. கடற்கரை நகரமாகிய சென்னையின் ஈரக்காற்று அதற்குள் புகுந்து, இரவின் குளிரில் நீர்த்துளிகளாக மாறி, இரும்பை அரித்திருந்தது. டேங்கோடு இணைந்த ரப்பர்க் குழாயும் உட்புறம் ஊறிப் பருத்து, வழியைக் குறுக்கியிருந்தது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகின்றது. 2025ஆம் ஆண்டில் இக்கலப்பு 20 விழுக்காட்டை எட்டிற்று. கரும்பு, தானியம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் எத்தனால், அயல்நாட்டு எண்ணெயின் தேவையைக் குறைக்க உதவுகின்றது. ஆனால் அது ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ரப்பர் உறுப்புகளை அது ஊறச் செய்யும். மேலும், எத்தனால் எரிவதற்குக் குறைந்த காற்றே போதுமாதலால், பெட்ரோலுக்கென அளவிட்ட பழைய ஜெட்டின் கலவையில் எரிபொருள் சற்றுக் குறைந்தே நிற்கும். பழைய காரை வைத்திருப்போர், எத்தனாலைத் தாங்கும் குழாயும் சவ்வும் மாற்றிக்கொள்ளுதலும், காரை நெடுநாள் ஓட்டாமல் நிறுத்தாதிருத்தலும் நன்று.

டேங்கைக் கழுவித் துருவை நீக்கினர். வெற்று டேங்கில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்குமாதலால், அதனருகே பற்றவைப்பு வேலையோ நெருப்போ கூடாது என்பதை மெக்கானிக் அனைவர்க்கும் எடுத்துரைத்தார். புதிய குழாய் பூட்டப்பட்டது. இடையில் ஒளி ஊடுருவும் வடிகட்டி ஒன்றும் வைக்கப்பட்டது. கார்புரேட்டருக்குள் துரு சென்றிருக்கக்கூடும் என்று ஜெட்டையும் கழற்றிக் காற்றடித்துத் தூய்மை செய்தனர். மாணவி ஒரு குண்டூசியை எடுத்து நீட்டினாள். மெக்கானிக் தடுத்தார். “இத்துளையை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அளந்து செய்திருக்கின்றார்கள். ஜெட் பித்தளை, ஊசியோ எஃகு. ஊசி பட்டால் துளை பெருகிவிடும்; அளவு கெட்டால் கலவையும் கெடும்” என்றார்.

ஊசி என்றவுடன் ஒரு வரலாற்று நிகழ்ச்சி நினைவிற்கு வருகின்றது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைம் என்னும் ஊரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 105 கிலோமீட்டர் பயணம் செய்தார். உலகில் மோட்டார் வண்டியில் செய்யப்பட்ட முதல் நெடும்பயணம் அதுவே என்பர். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. பட்டறையோ மெக்கானிக்கோ இல்லாத காலம் அது. அம்மையார் தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்து அடைப்பை நீக்கி மேலே சென்றார். ஆகவே எரிபொருள் தடை என்னும் நோய், மோட்டார் வண்டியோடு உடன்பிறந்தது எனலாம். ஊசியை ஏற்கும் இடம் இது, ஏற்காத இடம் இது எனப் பகுத்தறிவதே அனுபவம்.

மறுநாள் விடியற்காலையில் தாத்தாவும் பேத்தியும் அண்ணா மேம்பாலத்திற்குச் சென்றனர். கார் ஏறத் தொடங்கிற்று. குலுங்கும் இடம் வந்தது. தாத்தா மூச்சை அடக்கிக்கொண்டார். எஞ்சின் இருமவில்லை. பாலத்தின் உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்கிற்று. “இன்னும் ஒரு முறை ஏறுவோம், தாத்தா. ஒரு முறை மட்டும் பார்த்தால் போதாது” என்றாள் பேத்தி. ஐந்து முறை ஏறி இறங்கினர். குறிப்பேட்டில் ஐந்து வரிகள் சேர்ந்தன. அந்த மாதக் கடைசியில் கார் எடைக்குச் செல்லவில்லை.

மாணவர்களே! 2000ஆம் ஆண்டையொட்டி நம் நாட்டுப் புதிய கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கிற்று. கணிப்பொறியின் ஆணைப்படி எரிபொருளைத் தெளிக்கும் கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன. ஆயினும் பழைய ஸ்கூட்டர்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அதனை நீங்கள் இன்றும் காணலாம். வீட்டில் குழாயில் தண்ணீர் வாராவிட்டாலும், விளக்கு எரியாவிட்டாலும் கைக்கு எட்டிய உறுப்பை மாற்றிப் பார்க்க விரையாதீர்கள். எங்கே, எப்பொழுது, எந்நிலையில் குற்றம் தோன்றுகின்றது என்று முதலில் எழுதுங்கள். சங்கிலியை நடுவில் பிரித்து, குற்றம் எப்பகுதியில் உள்ளது என்று பாருங்கள். சரி செய்தபின், குற்றம் தோன்றிய அதே இடத்தில் மீண்டும் சோதியுங்கள். மூன்று பட்டறைகளால் ஆகாத வேலையை ஒரு குறிப்பேடும் ஒரு கண்ணாடிப் புட்டியும் செய்து முடித்தன என்பதை மறவாதீர்கள்.